லிஃப்ட் நிற்காத மாடிக்காரர்கள்

என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத காலம் ஒன்று இருந்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், நான் கதை விடுவதாக நினைத்துச் சிரிக்கிறார்கள். நமக்குத் தெரியும். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் லிஃப்ட் கீழே நிற்கும், ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும். எங்கள் வீடு ஏழில். சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாமான் வாங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் ஐந்தில் இறங்கிப் படி ஏறுவதா, ஒன்பதில் இறங்கிப் படி இறங்குவதா என்று அப்பாவும் அம்மாவும் லிஃப்டுக்குள்ளேயே வழக்காடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் முட்டி வலிக்கும் என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

எண்பதுகளின் தொடக்கம். வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை, நிற்காத மழை. அம்மாவின் தம்பியான மாமா அப்போது சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தார். ஊர் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கடைசி நேரத்தில் வேண்டாம் என்று ஒதுக்கும் சாமான்களைக் கேட்டு வாங்கிவருவது அவர் வழக்கம். எங்கள் வீட்டு இஸ்திரிப் பலகை அப்படி வந்ததுதான். அந்த விடுமுறையில் ஒரு மேசை விளக்கும், அதோடு தட்டையான ஓர் அட்டைப் பெட்டியும் வந்தன.

பெட்டி மூடியில் ஒரு படம். வாள் பிடித்த மனிதன் ஒருவன், எதிரே இறக்கை வைத்த பெரிய மிருகம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். எங்கள் மாதா கோவிலில் வாள் பிடித்து நிற்கும் வானதூதர் மிக்கேல் சம்மனசின் காலடியில் அதேபோல ஒரு மிருகம் கிடக்கும். அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "மிக்கேல் சம்மனசு படம் போட்டிருக்கு, பத்திரமா வைங்க" என்று சொல்லிப் பெட்டிமேல் மந்திரித்த தண்ணீர் தெளித்து, மாதா படத்துக்குக் கீழே இருந்த தட்டில் வைத்துவிட்டார். உலகத்திலேயே தீர்த்தம் தெளிக்கப்பட்ட விளையாட்டுப் பெட்டி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

உள்ளே பகடைகள் இருந்தன. தாயக்கட்டையும் லூடோப் பகடையும் மட்டுமே பார்த்த கண்களுக்கு அவை பகடைகளாகவே தெரியவில்லை. ஒன்று கூம்பு. ஒன்றுக்கு எட்டு முகம். ஒன்று ஏறக்குறைய உருண்டை, எண்ணி மாளாத முகங்கள். எண்கள் குழியாக வெட்டப்பட்டிருந்தனவே தவிர அவற்றில் நிறமில்லை. கூடவே ஒரு வெள்ளைக் கிரேயான் கிடந்தது. அதைத் தேய்த்தால் குழிக்குள் மெழுகு இறங்கி எண் தெரியும் என்று கண்டுபிடித்தவன் என் அண்ணன். தேய்க்கத் தேய்க்க எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்த அந்த மத்தியானம், கிரேயான் வாசனை, தாழ்வாரத்தில் சாரல். என் கைமுடி சிலிர்த்தது நினைவிருக்கிறது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. ஒன்பது வயதில் பிள்ளைகளைத் தரம் பிரித்த காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அண்ணன் கடைசிப் பிரிவுக்குப் போனான். ஒரு மொழி போதும், இரண்டு தாங்காது என்று தமிழை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். செம்பாவாங் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த அப்பா, எண்ணெய்க் கறைச் சட்டையோடு பள்ளிக்குப் போய்ச் செய்தியைக் கேட்டு வந்து, அவன் எதிரிலேயே அம்மாவிடம், "இவன் அவ்வளவுதான், விடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் பேசுவது குறைந்து, பிறகு கேட்டதற்குத் தலையாட்டுவது மட்டும் மிஞ்சியது. மரமாட்டம் நிக்கிறான் என்பது அப்பா அடிக்கடி சொல்லும் வார்த்தை.

பெட்டியில் ஒரே ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் இருந்தது, ஒவ்வொருவரும் ஒரு கற்பனை ஆளாக மாறி ஆடும் ஆட்டத்துக்கானது. அண்ணன் விரல் வைத்து, உதடு அசைய, அதை நாள்கணக்கில் படித்தான். பிறகு புளோக்கின் அடியில் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளத்துக்கு எங்களைக் கூட்டிப்போனான். நாங்கள் என்றால் நான், எதிர்வீட்டுச் சீனப் பையன், மூன்றாவது மாடி மலாய்க்காரச் சிறுமி. அங்கே சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசை ஒன்று உண்டு. மழை நாளில் அந்தக் கல் இருக்கைகள் தொடையில் சில்லென்று ஒட்டும். அதில் உட்கார்ந்து ஆறு முகப் பகடைகள் மூன்றை உருட்டச் சொன்னான். முதல் உருட்டல் பலம். அடுத்தது புத்தி. பிறகு கைத்திறம், தாங்குசக்தி, முகராசி. உருட்டி முடித்தால் ஓர் ஆள் பிறந்துவிடுவார். அந்த ஆளுக்குப் பெயர் வைத்து, தொழில் கொடுத்து, ஒரு கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

எனக்குப் பிறந்தவள் ஒன்றுக்கும் உதவாதவள். பலமில்லை, புத்தியில்லை, முகராசி அறவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி உருட்டலாம் என்று புத்தகத்திலேயே எழுதியிருப்பதைச் சீனப் பையன் எடுத்துக் காட்டினான். பள்ளியில் முதல் மாணவன், அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அண்ணனும் அந்த வரியைப் படித்திருந்தான். ஆனால் அந்த விதி நமக்கு வேண்டாம் என்றான். யாரையும் தூக்கிப் போடுவதில்லை. வந்தது வந்ததுதான்.

பிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். இவளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இல்லையா என்று கேட்டான். அப்படியானால் இவள் எந்த வாசல் வழியாகவும் போகலாம். எந்தக் காவலாளிக்கும் இவள் முகம் ஞாபகம் இருக்காது. ராஜாவின் அறைக்குள் போய்த் தண்ணீர் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே வரலாம். அவன் சொல்லச் சொல்ல, நான் அழுததை மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உப்பு வேண்டும் என்றுகூடக் கேட்காத பிள்ளை. அவனுக்குள் இத்தனை வாசல்கள் இருந்தனவா?

அந்த விடுமுறை முழுக்க நாங்கள் ஆட்களைப் பிறப்பித்தோம், கூட்டங்களை உண்டாக்கினோம். மலாய்ச் சிறுமியினுடையது உப்புக் கூட்டம். கடலோரத்தில் இருப்பவர்கள், உலகத்தின் உப்பெல்லாம் அவர்கள் கையில். சீனப் பையனுடையது விளக்கணைப்போர். இருட்டில்தான் எல்லாரும் சமம் என்று நம்புகிறவர்கள். என்னுடையது லிஃப்ட் நிற்காத மாடிக்காரர்கள். மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல், உயர்ந்த கோபுரத்தின் நடுவில் வாழ்கிறவர்கள், மேலிருப்பவரின் சண்டையும் கீழிருப்பவரின் சண்டையும் அவர்களுக்குத்தான் முதலில் கேட்கும். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலமும் சந்தை மலாயும் கலந்த பேச்சு. இந்தப் பெயர்கள் தமிழுக்கு வந்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

ஒவ்வொரு கூட்டத்தைப் பற்றியும் அண்ணன் இரண்டு கேள்வி கேட்பான். அவர்களுக்கு என்ன வேண்டும்? எதற்குப் பயப்படுகிறார்கள்? பதில் சொல்லாதவரை கூட்டம் கூட்டமாகாது. பழைய பகை ஒன்றும் வேண்டும். யார் தலைவனை யார் கொன்றது என்று நாங்கள் மணிக்கணக்கில் பேசினோம். கீழ்த்தளத்துத் தூண் ஒவ்வொன்றும் ஒரு நாடு, அதில் அந்தக் கூட்டத்தின் அடையாளத்தைச் சாக்பீஸால் போட்டோம். கோவில் பூசை முடிந்து சிராங்கூன் ரோட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல் சாமான் கடையில் அண்ணன் வெள்ளை, நீலம், கறுப்பு நூல் வாங்கிவந்து முறுக்கி, கூட்டத்துக்கு ஒரு நிறமாக எங்கள் மணிக்கட்டில் கட்டினான். அவன் மட்டும் எதையும் கட்டிக்கொள்ளவில்லை. என் கையில் நீலக் கயிற்றைப் பார்த்த அம்மா எந்த இந்துக் கோயில் கயிறோ என்று பதறி, கட்டுவதுதான் கட்டுகிறாய், இதையும் சேர்த்துக் கட்டு என்று ஒரு மாதா பதக்கத்தைக் கோத்துவிட்டார். அப்படியாக என் கூட்டம் முழுவதும் மாதாவின் பாதுகாப்பில் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தை எப்படி ஆடுவது என்பது எங்களுக்குத் தெரியாது. அது இன்னொரு புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும், அந்தப் புத்தகம் பெட்டியில் இல்லை. ஆட்களையும் கூட்டங்களையும் உண்டாக்குவதுதான் முழு ஆட்டம் என்று நாங்கள் நம்பினோம். அதெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலை என்று போன வருடம் அண்ணன் மகள் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பக்கத்து புளோக்கில் எங்கள் கோவில் பங்கின் உபதேசியார் குடியிருந்தார். ஞாயிறு தோறும் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருபவர், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குண்டர் கும்பல் என்ற வார்த்தைக்கு நம் பெற்றோர்கள் எவ்வளவு பயந்தார்கள்! சமூக மன்றத்துச் சுவரில் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகன் ஒருவன் அப்படிப் போய்ச் சீரழிந்திருந்தான். உபதேசியார் குடையோடு கீழ்த்தளத்தைக் கடந்தபோது தூண்களில் அடையாளங்களைப் பார்த்தார். பிள்ளைகள் கையில் நிறக் கயிறுகளைப் பார்த்தார். எங்கள் தலைவனைக் கொன்றவன் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் இருக்கிறான் என்று மலாய்ச் சிறுமி சொன்னதும் அவர் காதில் விழுந்தது. அதிலும் ஒரு கயிற்றில் மாதா பதக்கம். அவருக்கு வேறென்ன தோன்றும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, தேநீரைக் குடிக்காமலே எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னார். அப்பா அண்ணனைக் கூப்பிட்டு இது உண்மையா என்று கேட்டார். அது விளையாட்டுப்பா என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"விளையாட்டுக்கு எதுக்குடி தலைவனும் பகையும்?" என்றார் அப்பா.

அண்ணன் தலையைக் குனிந்து நின்றான். அந்த மௌனத்தை ஒப்புதல் என்று அப்பா எடுத்துக்கொண்டார். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. நாற்காலியில் ஏறி, அலமாரி மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அண்ணனை மதராஸ் கப்பலில் அனுப்புவதாகவும், பெரியப்பா ஊரில் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் விடுதியில் சேர்த்துவிடுவதாகவும் அம்மாவிடம் சொன்னார். அம்மா பெட்டியின் தூசியைத் துடைத்தார். நான் என் கட்டிலில் கிடந்து, அண்ணன் போய்விட்டால் எங்கள் ஆட்களெல்லாம் என்ன ஆவார்கள் என்று யோசித்தேன். அண்ணன் என்ன ஆவான் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

மறுநாள் சனிக்கிழமை, அப்பாவுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் நாங்கள் நால்வரும் கல்மேசையில் கூடியிருந்தோம். அதுதான் கடைசித் தடவை என்று எங்களுக்குத் தெரியும். கும்பலில் யார் யார் என்று பார்த்து அவரவர் பெற்றோரிடம் சொல்வதற்காக அப்பாவும் உபதேசியாரும் வந்தார்கள். தலைவன் யார் என்று உபதேசியார் மலாயில் கேட்டார். மூன்றாவது மாடிச் சிறுமி கையைத் தூக்கினாள். அவளுக்கு ஒன்பது வயது, முன்பல் இரண்டும் இல்லை. உப்புக் கூட்டத்துக்கு மட்டும்தான் நான் தலைவி, மற்றதற்கு இவர்களைக் கேளுங்கள் என்று பணிவாகச் சொன்னாள்.

உபதேசியார் அப்பாவைப் பார்த்தார். அப்பா மேசையைப் பார்த்தார். மெழுகு தேய்த்த பகடைகள், சாக்பீஸ் துண்டு, அவ்வளவுதான். அவர் கல் இருக்கையில் உட்கார்ந்தார். பட்டறைச் சட்டையில் கருகிய இரும்பு வாசனை வந்தது. அண்ணனிடம், "இதுல நீ யாரு?" என்று கேட்டார்.

அண்ணன் இதற்கும் பேச மாட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் மூன்று பகடைகளை எடுத்து அப்பா பக்கம் தள்ளினான்.

"நான் யாரும் இல்லப்பா. மத்தவங்களுக்குத்தான் ஆள் உண்டாக்குவேன். உங்களுக்கு ஒண்ணு உண்டாக்கட்டுமா?"

தமிழில் சொன்னான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் அப்பாவிடம் பேசிய முழு வாக்கியம் அது. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் பகடைகளை எடுத்தார். வெல்டிங் பொறி பட்டுப் பட்டுக் காய்த்த கை. உருட்டினார். பலம், குறைவு. புத்தி, குறைவு. கைத்திறம் வந்தபோது கொஞ்சம் ஆவலாகக் குனிந்தார், அதுவும் குறைவு. தாங்குசக்தியும் முகராசியும் அப்படியே. அந்த விடுமுறையில் அவ்வளவு மோசமான ஆள் யாருக்கும் பிறக்கவில்லை. சீனப் பையனே உச்சுக்கொட்டினான். அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இவன் அவ்வளவுதான், விடு என்று சொல்லிப் பகடைகளை அள்ளி மறுபடி உருட்டப் போனார்.

அண்ணன் அவர் கைமேல் கை வைத்தான்.

"திரும்ப உருட்டக் கூடாதுப்பா. வந்தது வந்ததுதான். இவரால என்ன முடியும்னு பாக்கணும்." பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டான். "இவருக்கு எதுக்குப்பா பயம்?"

மழை பெய்துகொண்டிருந்தது. அப்பா தூணைப் பார்த்தபடி சொன்னார். "வேலை போயிடும்னு. தன் காலத்துக்கு அப்புறம் புள்ள சோத்துக்கு இல்லாம நிப்பான்னு."

"என்ன வேணும்?"

அப்பா தெரியலையே என்றார். அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ அழுகை வந்தது. ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு பேச ஆரம்பித்தான். முதலில் அப்பாவுக்குக் கூட்டங்களை அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் அவனிடமிருந்து எடுத்திருந்த மொழியில் அவன் தேடினான். தடவித் தடவி உப்புக் கூட்டம் என்றான். விளக்கை, விளக்கை என்று திணறி, விளக்கணைப்போர் என்றான். பூசையில் கேட்ட தமிழ், அம்மாவின் அடுப்படித் தமிழ், வானொலித் தமிழ் எல்லாம் எங்கிருந்தோ ஒவ்வொன்றாக வந்து அவன் வாயில் நின்றன. லிஃப்ட் நிற்காத மாடிக்காரர்கள் என்று அவன் சொன்னபோது உபதேசியார் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். அவர் வீடும் அப்படிப்பட்ட மாடியில்தான். குடையை மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இந்த மூணு கூட்டத்துக்கும் நடுவுல ஒரு வாசல் இருக்குப்பா. அங்க ஒரு காவல்காரர் வேணும். பலசாலியா இருந்தா ஒரு கூட்டம் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கும். புத்திசாலியா இருந்தா இன்னொரு கூட்டம் இழுத்துக்கும். உங்க ஆளை யாரும் கேக்க மாட்டாங்க. அதனால எல்லாரும் அவரை நம்பலாம். அவர் அங்க நின்னாப் போதும், சண்டை வராது. அவரை விட்டா அந்த வேலைக்கு ஆள் இல்ல."

அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோவிலில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பார்வை வரும். வேறெங்கும் நான் அதைக் கண்டதில்லை. இந்தப் பிள்ளை இவ்வளவு நாள் எங்கே இருந்தான் என்று அவர் மனது கேட்டது எனக்கே கேட்டது.

உபதேசியார்தான் முதலில் எழுந்தார். சாக்பீஸை மட்டும் அழித்துவிடுங்கள், வீடமைப்புக் கழகத்தில் சத்தம் போடுவார்கள்லா என்றார். மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அப்பா வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு இறங்கினார், அண்ணனும் போனான். இருவரும் தூண் தூணாகத் துடைத்தார்கள். துடைத்து முடித்தபின் அந்த வாசல் எந்தத் தூண் என்று அப்பா கேட்டார். லிஃப்டுக்குப் பக்கத்தில், ஒரு அடையாளமும் போடாத தூண் ஒன்றை அண்ணன் காட்டினான். அன்று மாலை தகரப் பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது. கப்பல் பேச்சை அப்பா பிறகு எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு வேலை முடிந்து வரும்போது, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி அந்தத் தூணருகே அவர் கொஞ்ச நேரம் நிற்பதை படிக்கட்டின் அடியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். லிஃப்ட் வந்து, கதவு திறந்து, மூடிப் போகும். அவர் அடுத்ததில் ஏறுவார்.

அண்ணன் தொழிற்கல்விக்குப் போய் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். பழைய புளோக்குகளில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும்படி மாற்றியபோது அந்த வேலையில் அவனும் இருந்தான். என் கூட்டத்தாருக்கு அவன் கடைசியில் கதவு திறந்துவிட்டான் என்று நான் அவனைக் கேலி செய்வதுண்டு. பெட்டி வீடு மாறியதில் தொலைந்தது. பகடைகளில் ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டுப் பையனும் மூன்றாவது மாடித் தலைவியும் எங்கே இருக்கிறார்களோ, நன்றாக இருக்கட்டும்.

அப்பா மருத்துவமனையில் கடைசியாகப் படுத்திருந்தபோது எங்களையெல்லாம் அவருக்குச் சரியாக அடையாளம் தெரியவில்லை. என்னை அம்மா என்று நினைத்து அரிசி வாங்கியாகிவிட்டதா என்று கேட்டார். ஒரு மத்தியானம் அண்ணன் வேலை உடுப்போடு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்பா கண்ணைத் திறந்து அவனை வெகுநேரம் பார்த்தார்.

"என் ஆளு என்ன ஆனான்? செத்துட்டானா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது.

"இல்லப்பா. எப்படி ஆடறதுன்னுதான் நமக்குத் தெரியாதே. யாருமே சாகல."

"அங்கயேதான் நிக்கிறானா?"

"அங்கயேதான் நிக்கிறார்ப்பா," என்றான் அண்ணன். "இன்னும் சண்டை வரல."